அரைக் கலம் நெல்லும் பால் டப்பாப் பெட்டியும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிக்கென்றே முதலில் கிடங்கு போட்டவன் நான். மூன்று அடுக்கு அட்டையை மட்டும் பார்த்திருந்த ஊருக்கு ஐந்து அடுக்கு அட்டையைக் கொண்டுவந்தவனும் நான்தான். தஞ்சாவூர் வீணை ஒன்று குடத்தில் கீறல் விழாமல் கடல் தாண்டிப் போனது என் பெட்டியில். கடற்கரை ஊர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவுக்குக் கிளம்பும்போது, அவர்கள் உம்மா செய்து கொடுத்த பலகாரமெல்லாம் என் பெட்டியில்தான் விமானம் ஏறியது. வேதாரண்யத்துக் கருவாட்டை அடுத்த சாமானில் வாடை ஏறாமல் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. என் அப்பா பண்ணையாள். நாங்கள் இருந்த தெருவில் கதவு வைத்த வீடே கிடையாது, படல்தான்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் பண்ணை வீட்டு வண்டியை மறித்த நாளைப் பற்றி ஒரு கட்டுரை. எழுத்துக்கூட்டி நானே முழுதும் படித்தேன். விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரும் பண்ணை வீட்டு மகனும் பெருந்தன்மையோடு பேசி, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் முடித்தார்கள் என்று போட்டிருக்கிறது. என் பேர் இல்லை. என் அண்ணன் பேரும் இல்லை. அண்ணன் செத்துப் போனான். அந்தத் தலைவரும் இல்லை. எங்கள் தெருவில் அதை முன்னால் நின்று பார்த்தவன் என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம், என்னையும் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள்.

வெளியே கார்த்திகை மழை. கிடங்கில் தகரம் ஒழுகுகிறது. மிச்சமிருந்த பெட்டிகள் கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் குந்திப் போகின்றன. தூக்கிப் பலகை மேல் வைக்க என் முட்டியில் வலு இல்லை. மகன் கிடங்கை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான். அந்த நாளில் நடந்ததை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்.

நிலத்தின் உச்சவரம்பைப் புது ஆட்சி குறைத்திருந்த காலம் அது. ஊருக்கு ஊர் கொடிக்கம்பம் முளைத்தது. பெரிய பண்ணைகள் சித்தப்பன் பேரிலும் நாய்க்குட்டி பேரிலும் நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டில் ஐயா காலமாகி, அவர் மனைவி அந்த அம்மாவும் பட்டணத்தில் வக்கீலாக இருந்த மகனும்தான் மிச்சம். மகனுக்கு ஊரே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அம்மாவைப் பட்டணத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட முடிவு செய்தார்.

ஆனால் அந்த அறுவடையின் பங்கு பிரியவில்லை. சாகுபடி செய்தவர்களுக்கு எவ்வளவு, பண்ணைக்கு எவ்வளவு என்பதில் தகராறு. தாசில்தார் முன்னால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. வீட்டுச் சாமான் போகலாம். பங்கு பிரிகிற வரைக்கும் ஒரு மணி நெல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒப்பந்தம் போயிற்று. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. பக்கத்து ஊர்களில் மண்டை உடைந்திருந்தது, குடிசை எரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

சாமான் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்குக் கிடங்கு கிடையாது. கடைத்தெருவில் காலிப் பெட்டி பொறுக்கி, தட்டி நிமிர்த்தி விற்கிறவன். பெரிய சாமான் என்றால் ஜனங்கள் பலகையில் அடித்த கள்ளிப்பெட்டி தேடிய நாள் அது. ஆசாரிகள் என்னைப் பார்த்தால் விட மாட்டார்கள். “அட்டைல சாமான் கட்டுறவரு வர்றாரு, மழை வர்றதுக்குள்ள வழி விடுங்கப்பா” என்பார்கள். “ஒம் பெட்டிய நனைச்சா மாடு திங்கும், எம் பெட்டிய நனைச்சா என்னாடா ஆவும்?” என்று ஒருவர் கேட்டார். “ஒங்க பெட்டியத் தூக்குறதுக்கே நாலு ஆளு வேணும், அவனுவளுக்குச் சோறு நீங்க போடுவீங்களா?” என்றேன். அதோடு விட்டார்.

பெட்டி பார்ப்பது எனக்குக் கையில் வந்த வித்தை. மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும், எழாவிட்டால் அது ஒருமுறை நனைந்து காய்ந்த பெட்டி. பார்வைக்குப் புதிது போல இருக்கும், உயிர் இருக்காது. அட்டைக்கு நடுவில் ஓடும் அலை மடிப்பு நின்றவாக்கில் இருந்தால்தான் மேலே அடுக்கலாம். கனமான சாமானுக்குச் சின்னப் பெட்டி, லேசான சாமானுக்குப் பெரிய பெட்டி. இதைச் சொன்னால் படித்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். பெரிய பெட்டியைப் பார்த்தால் மனுஷனுக்கு அதை நிரப்பத் தோன்றும், அதுதான் கெடுதல். உள்ளே இடம் விடக் கூடாது. இடம் விட்டால் சாமான் ஆடும், ஆடினால் அடி திறக்கும். பிஸ்கட் பெட்டியில் துணி வைத்தால் எறும்பு வரும். சோப்புப் பெட்டி துணிக்கு நல்லது, தின்கிற பண்டத்துக்கு ஆகாது. நாள்கணக்கில் வைத்திருக்கிற பெட்டி என்றால் நம் பக்கத்து ஈரத்தில் தரையில் படவே கூடாது, சுவரில் ஒட்டவும் கூடாது. நெல் போட்டிருக்கிற அறையில் வைத்தால் எலிக்கு விருந்து.

பண்ணை வீட்டில் கட்டிக்கொண்டே வந்தேன். படங்கள், பித்தளை, ஐயாவின் புத்தகங்கள். அப்பா அந்த வீட்டுக் கொல்லையோடு நின்றவர். நான் கூடத்தில் உட்கார்ந்து கயிறு இழுத்தேன். அப்பா அவர்களை “ஆண்டே” என்பார். நான் மகனை “சார்” என்றேன். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

புடவைகளை அவரே ஒரு பெரிய சோப்புப் பெட்டியில் வைத்து மூடி வைத்திருந்தார். கயிறு போடத் தூக்கினேன். புடவைக் கனம் இல்லை. அடி தொந்தி போட்டது. உள்ளே சரசரவென்று ஓடுகிற சத்தம். நெல்லில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“என்னம்மா இது?” என்றேன்.

வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “அரைக் கலம். தெக்கால வயலு நெல்லு” என்றார். “பட்டணத்துல தைப்பொங்கலுக்குக் கடையில அரிசி வாங்கச் சொல்றியா என்னை? ஐயா இருந்தப்போ ஒரு வருஷம் அப்படி நடந்துருக்கா?”

“ஒப்பந்தம் இருக்குல்லம்மா. சாருக்குத் தெரியுமா?”

“அவனுக்குத் தெரிஞ்சா எடுத்துக் கொட்டிடுவான். நீ சொல்லிடாதே.”

கொட்டிவிடுங்கள் என்று நானும் சொன்னேன். அசையவில்லை. அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நான் போய்ச் சொன்னால் மகன் ஒரு பேச்சுப் பேசுவார், தெருவுக்குக் கேட்கும், எங்கள் ஆட்களுக்குப் போய்ச் சேரும். சொல்லாமல் அந்தச் சோப்புப் பெட்டியை அப்படியே விட்டால் வண்டியிலிருந்து இறக்குகிற முதல் கையிலேயே அடி விட்டுக்கொள்ளும்.

பால் டப்பா வந்த பெட்டி ஒன்று வைத்திருந்தேன். சின்னது, ஐந்து அடுக்கு, தண்ணி படாதது. நெல்லைக் காடாத் துணிப்பையில் போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைத்து, அதில் இறக்கினேன். நான்கு பக்கமும் தேங்காய் நாரும் பழைய பேப்பரும் வைத்துக் குத்திக் குத்தி இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது, ஒரு சத்தம் இல்லை. சணல் கயிறு குறுக்கும் நெடுக்கும் போட்டு முடிச்சில் தண்ணி தெளித்துவிட்டேன். காய்ந்தால் இன்னும் இறுகும். அந்த மாதிரி ஒரு பெட்டியை அதற்குப் பிறகு நானே கட்டினதில்லை.

மறுநாள் காலையில் இரண்டு மாட்டு வண்டி. நீடாமங்கலம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்குப் போக வேண்டும். முன் வண்டியில் பெட்டிகளோடு நான், பின் வண்டியில் அந்த அம்மா, மகன் கூடவே நடந்து வந்தார். கம்போடு ஆட்களையும் அழைத்து வந்திருந்தார், வெளியூர் ஆட்கள். ஊர் எல்லையில் வாய்க்கால் மதகு. அங்கே எங்கள் தெருவே நின்றது. கொடி இருந்தது. கையில் அரிவாளும் இருந்தது, அறுவடைக்காலம்தானே என்று சொல்லிக்கொள்ளலாம். முன்வரிசையில் என் அண்ணன்.

“எல்லாப் பொட்டியையும் பிரிச்சுக் காட்டிட்டுப் போவட்டும்” என்றார் சங்கத் தலைவர்.

மகன், “எங்கம்மா புடவைய ரோட்டுல பிரிக்கச் சொல்றியா? ஒரு கயித்துல கை வெச்சுப் பாரு” என்றார். பின்னால் கம்பு வைத்திருந்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். எங்கள் பக்கமும் வந்தது.

அண்ணன் என்னைப் பார்த்து, “என்னாடா, பண்ணை வூட்டு மூட்டை தூக்கியா ஆயிட்டியா? அப்பன் தூக்குனது பத்தலயா?” என்றான். எங்கள் தெரு சிரித்தது. சிரிப்பு என்றாலும் நல்ல சிரிப்பு இல்லை.

நான் வண்டி மேல் ஏறி நின்றேன். “பிரிக்க வேணாம், சும்மாவும் விட வேணாம்” என்றேன். “ஒவ்வொரு பொட்டியா எறக்கி ஆட்டிப் பாருங்க. நெல்லு இருந்தா சத்தம் போடும். நெல்லு சத்தம் தெரியாதவன் யாராவது இங்க இருக்கீங்களா?”

தலைவர் மகனைப் பார்த்தார். மகன் தலையை ஆட்டினார். இதைத்தான் மலரில் பெருந்தன்மை என்று போட்டிருக்கிறார்கள். யோசனை என்னுடையது.

“யாரு எறக்குறது?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“அவன் அண்ணனே எறக்கட்டும்” என்றார் தலைவர். “தம்பிக்காவ விட்டுக் குடுக்குற ஆளு இல்ல அவன்.”

அண்ணன் ஒவ்வொன்றாக இறக்கினான். காதருகில் வைத்து ஆட்டினான். புத்தகம், படம், பித்தளை, புடவை. அந்த அம்மா பின் வண்டியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பால் டப்பாப் பெட்டி வந்தது. ஆட்டினான். சத்தம் இல்லை. சரி என்று திரும்ப ஏற்றுவதற்காகப் பழக்கத்தில் தூக்கித் தலையில் வைத்தான்.

வைத்தவன் நின்றுவிட்டான்.

களத்திலிருந்து பத்தாயம் வரைக்கும் பத்து வயதிலிருந்து நெல் சுமந்த கழுத்து அது. பித்தளை ஒரு மாதிரி உட்காரும், புத்தகம் ஒரு மாதிரி உட்காரும். பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அந்தக் கழுத்திடம் நெல்லை மறைக்க முடியாது. இதை நான் யோசிக்கவில்லை. காதுக்கு மட்டும்தான் கட்டியிருந்தேன்.

தலையில் பெட்டியோடு என்னைப் பார்த்தான். பிறகு கம்பு வைத்திருந்தவர்களைப் பார்த்தான். மதகுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்கள் பெண்டுகளையும் பார்த்தான்.

“என்னாப்பா?” என்றார் தலைவர்.

“பித்தளைதான்” என்றான் அண்ணன். “போவட்டும்.”

பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு மதகை விட்டு இறங்கி நடந்தான். கூட்டம் வழி விட்டது. வண்டி போயிற்று. நான் பார்சல் ஆபீசில் பெட்டிகளை ஏற்றி அனுப்பினேன். அந்த நெல் பொங்கலுக்கு ஆயிற்றா, பட்டணத்து எலிக்கு ஆயிற்றா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வீடும் இடிந்துவிட்டது.

பங்கு கொஞ்ச நாளில் பிரிந்தது. எங்கள் ஆட்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. எனக்குத்தான் போயிற்று. அண்ணன் அன்றிலிருந்து என் வீட்டுப் படி ஏறவில்லை. கிடங்கு திறப்புக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. மூத்த பெண் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் தட்டோடு போய் அவன் வாசலில் நின்றோம். அண்ணிதான் வாங்கிக்கொண்டாள். அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அம்மா செத்தபோது ஒரே ஒரு தடவை பேசினான். எரித்துவிட்டு வாய்க்காலில் முழுகிக் கரையேறும்போது, என் முகத்தைப் பார்க்காமல் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னான்.

“அரைக் கலம் இருக்கும்.”

நான், “ஆமாண்ணே” என்றேன்.

“பொட்டி நல்லாத்தான் கட்டியிருந்தே” என்றான். “என்னையும் சேத்துல்ல கட்டிட்டே.”

அவ்வளவுதான். பிறகு அவன் சாவுக்குத்தான் அந்த வாசலுக்குப் போனேன்.

இதைப் படித்துச் சங்கத்துக்காரர்கள் அவன் மேல் கோபப்படுவார்கள். படட்டும். அவன் அன்று “நெல்லு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மதகில் யார் யார் விழுந்திருப்பார்கள் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். வாழ்நாளில் அவன் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அது தொண்டையில் நின்றே அவன் போனான்.

ஆகையால் மலர் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த மலரில் அந்தக் கட்டுரையைத் திருத்திப் போட வேண்டும். வண்டி மறித்த நாளில் ஆட்டிப் பார்க்கும் யோசனை சொன்னவனும், சோப்புப் பெட்டியை ஒதுக்கிப் பால் டப்பாப் பெட்டியைத் தேர்ந்தெடுத்துக் கட்டியவனும் நான் என்று என் முழுப் பேரோடு போட வேண்டும். கீழே சின்ன எழுத்தில் வேண்டாம். என் அண்ணன் பேரையும் போடுங்கள், அவன் பித்தளை என்று சொன்னதையும் போடுங்கள். ஆனால் என் பேர் முதலில் வரட்டும். அந்தப் பெட்டி அடி விட்டிருந்தால் அவன் பேசாமல் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.