கடலுக்கு முதுகு காட்டியவன்

எய்லெர்ட்டுக்குக் கடல் ஆகாது. நார்வேயின் வடகோடியில், மீன் பிடிக்காதவனை ஆளாகவே மதிக்காத ஊரில் பிறந்தும், முதல் பயணத்திலேயே குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்துக் கரையேறியவன். பெர்கன் நகரில் ஒரு குளிர்காலம் ஓவியம் படித்தான். திரும்பியபோது கழுத்தில் பட்டுத் துணியும் ஊர்க்காரர்கள் மேல் ஏளனமும் சேர்ந்திருந்தன. இரண்டையும் அதற்குப் பிறகு கழற்றவேயில்லை.

வேலையும் ஆளைப் போலத்தான். ஜன்னலோரம் குளிரும் என்று அடுப்பை ஒட்டி உட்கார்ந்துகொள்வான். எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் விழும் துறைமுகத்தைப் பார்த்து அப்படியே வரைவான். கப்பலில் வந்த சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போனார்கள். இடம் வலமாகியிருப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஆனால் அவன் ஏங்கியதெல்லாம் மீனவர் மன்றத்துப் பெரிய சுவருக்கு. எவர்களை மூடர்கள் என்றானோ அவர்கள் தினமும் தன் படத்தின் கீழ் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். மனைவி கிரெதேயின் அண்ணன் ஹென்னிங் புதுப்படகு வாங்கியதும், அது துறையை விட்டுக் கிளம்பும் காட்சியையும் கண்ணாடியில் பார்த்தே வரைந்து மன்றத்துக்குத் தூக்கிப் போனான்.

எல்லோர் முன்னாலும் படத்தின் மேலிருந்த துணியை விலக்கினான்.

“மாப்ளே, என் படகு எந்தப் பக்கம் திரும்புது?” என்றான் ஹென்னிங்.

சூரியன் சுற்றும் பக்கமாகத் திருப்பித்தான் அங்கே படகை வெளியே கொண்டுபோவார்கள். மாற்றித் திருப்பினவன் வீடு திரும்ப மாட்டான் என்பது நம்பிக்கை. படத்தில் படகின் பின்னால் நீளும் நுரைத்தடம் நேர்மாறாக வளைந்திருந்தது.

“கலையில அதெல்லாம் பாக்கக்கூடாது மச்சான்.”

“நீ பாக்க வேணாம். நாங்க தினமும் பாக்கணுமே. என்னைக் கொன்னு செவுத்துல மாட்டச் சொல்றியா?”

“மீனை விட்டா உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. காலைல எங்ககூட படகுல வா. ஒரு தடவை கண்ணால பாத்து மாத்தி வரை. செவுரு உனக்குத்தான்.”

காலையில் ஹென்னிங் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தான். வீட்டில் கிரெதே கம்பளிச் சட்டையை நீட்டினாள்.

“போய்ட்டு வாயேன். வாந்திக்கு அவங்ககிட்ட வாளி இருக்கு.”

“முழங்கால் வலிக்குது.”

“முழங்காலாலயா வரையுறே?”

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். படகு போய்விட்டது.

அந்த வாரமே மன்றத்துச் சுவரில் மழைச்சட்டைகள் மாட்ட வரிசையாக ஆணி அடித்தார்கள். ரசனை கெட்ட ஊர் என்றான் எய்லெர்ட். கேட்பதற்குச் சுற்றுலாக்காரன்கூட இல்லை; கப்பல் வரும் காலம் முடிந்திருந்தது.