நான்கு மொழி நாட்டுக்கு ஒரு பாட்டு

சனிக்கிழமை, காலை 10.20. எட்மண்டன் கிரீன் ரயில் நிலையம். வடக்கு லண்டனிலிருக்கும் இந்த இடத்துக்கும் தெற்கே தோர்ண்டன் ஹீத்துக்கும் நேர்கோடு போட்டால் இருபத்தைந்து கிலோமீட்டர். ஆனால் இரண்டு ரயில் மாற வேண்டும். நடுவில் லண்டன் பாலத்தின் மேல் இருபது நிமிட நடை. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இவ்வளவு தூரம் நான் கிளம்பியது ஒரு பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியைப் பார்க்க.

காரணம் சிவநேசன் அண்ணை. போன மாதம் நான் குடியிருக்கும் வீட்டுக்குத் தரை போட வந்தவர். பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பொருத்திக்கொண்டே ஏதோ மொழியில் முணுமுணுவென்று பாடினார். என்ன மொழி என்று கேட்டேன்.

"இத்தாலி. சுவிஸில இருந்தனான் தம்பி. மனுசிக்கு பிரெஞ்சு. மகளுக்கு டொச்."

டொச் என்றால் ஜெர்மன். கணவன், மனைவி, மகள் என்று ஒரே வீட்டில் எப்படி மூன்று மொழி?

"அங்கை அகதியாப் போய் இறங்கினா, அவங்கள் எந்த மாநிலத்துக்கு அனுப்புறாங்களோ அதுதான் உம்மடை பாஷை. என்னை இத்தாலி பேசுற லுகானோவுக்கு அனுப்பினவங்கள், அவவை பிரெஞ்சு பேசுற லொசானுக்கு. கலியாணம் கட்டி டொச் பேசுற பேர்னில இருந்தம். மகள் அங்கை பிறந்தவள்."

அந்த மகள் நிலானி, ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் நடத்தும் பாட்டுப் போட்டியின் மாதிரியில் அவளுடைய பள்ளி நடத்தும் விழாவில், சுவிட்சர்லாந்துக்காகப் பாடப்போவதாகச் சொன்னார். "நீரும் வாருமன்." நான்கு மொழி பேசும் நாடு ஒரே ஒரு பாட்டை எப்படித் தேர்ந்தெடுக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்தே என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

நண்பகல் 12.00. தோர்ண்டன் ஹீத் நிலைய வாசலில் மூவரும் நின்றார்கள். அண்ணையின் மனைவி பவானி அக்கா கையில் வடைப் பொட்டலம். நிலானிக்குப் பதினாறு வயது. காதில் பாட்டு, கண் தரையில். அண்ணை என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார்.

"லண்டனுக்கு வந்து ரெண்டு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்தில வாயே திறக்கேல்லை தம்பி. ஒரு சிநேகிதம் இல்லை. செப்டம்பரில பேர்னுக்கு, சித்தியிட்டப் போயிடுறன் எண்டு நிக்கிறாள். இண்டைக்கு ஒருக்கா மேடையில ஏறு, பிறகு கதைப்பம் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

குரோய்டனுக்கு பஸ், ஆளுக்கு ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ். மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தது. என் கேள்வியை அங்கே கேட்டேன்.

"முதன்முதல் போட்டியில வெண்டதே சுவிஸ்தான். பிரெஞ்சுப் பாட்டு," என்றார் அக்கா, பாதி வடையோடு. "ரெண்டாந்தரம் வெண்டதும் பிரெஞ்சு. இத்தாலி என்ன கிழிச்சது எண்டு இவரைக் கேளும்."

"பாட்டெண்டாலே இத்தாலிதானப்பா. வெண்டா என்ன, தோத்தா என்ன."

நிலானி ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "மூண்டாவது இங்கிலிஷ். ரோமான்ஷ் எண்டு நாலாவது பாஷை இருக்கு, அதில ஒரே ஒருக்காத்தான் பாடினவை. டொச்சில பாடி சுவிஸ் வெண்டதே இல்லை."

"நீ எதுல பாடப்போறே?"

"டொச்."

"ஏன்?"

"எனக்குப் பாட்டு அதிலதான் வருது, அண்ணா." காது மறுபடி மூடிக்கொண்டது.

பிற்பகல் 2.00. பள்ளி மண்டப வாசலில் ஒரு மேஜை. வருகிறவர்களிடம் எந்த நாடு என்று கேட்டு, அந்த நாட்டின் பெயரெழுதிய வாக்குச் சீட்டைக் கொடுத்தார்கள். நான் ஆறாம் வகுப்பில் மேடையேறிய அன்று என் அப்பா பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். படிக்காதவர் உள்ளே வர யாராவது அழைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதனால் அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜைக்குப் போய், "சுவிட்சர்லாந்து" என்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவும் அதையே சொன்னார். நான் இந்தியா.

பதினான்கு நாடுகள். இந்தியாவுக்கு ஒரு பெண் இந்தியில் பாடினாள். கானா நாட்டுக்காகப் பாடிய பெண் மண்டபத்தையே எழுந்து ஆடவைத்தாள். நிலானி பத்தாவது. அவளே எழுதிய பாட்டு. பேர்னில் கோடைகாலத்தில் பிள்ளைகள் உடுப்பை நீர் புகாத பைக்குள் கட்டிக்கொண்டு ஆற்றோடு மிதந்தே வீட்டுக்குப் போவார்களாம். அதைப் பற்றியது என்று அக்கா காதில் சொன்னார். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் ஆறு வந்துவிட்டது. முன்னால் பாடிய இந்தியும் இந்த டொச்சும் எனக்கு ஒரே அளவுதான் புரிந்தன. என் ஓட்டை நிலானிக்குப் போட்டேன்.

பாடியவர்கள் மேடையில் வரிசையாக நிற்க, ஆசிரியை சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில் ஒரு சீட்டைப் பிரித்துவிட்டு நின்றார்.

"சுவிட்சர்லாந்து, சுவிட்சர்லாந்துக்கு. செல்லாது."

தன் நாட்டுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. ஐரோப்பியப் போட்டியின் விதி அதுதான். மண்டபம் சிரித்தது. நாலு சீட்டு கழித்து மறுபடியும்: "சுவிட்சர்லாந்து, சுவிட்சர்லாந்துக்கு." இப்போது பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். அண்ணை தலையில் கை வைத்தார். "வருஷா வருஷம் பாக்கிறன். எனக்குத் தெரியாத விதியே?"

நிலானி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழுறாள்," என்று அக்கா என் கையைப் பிடித்தார்.

கை விலகியது. சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கானாப் பெண் அவள் தோளில் சாய்ந்து இன்னும் பலமாகச் சிரித்தாள். முடிவில் கானாவுக்கு நாற்பத்தொன்று, சுவிட்சர்லாந்துக்கு நாற்பது.

மாலை 5.10. திரும்பும் பஸ்ஸில் அண்ணை யாரிடம் என்றில்லாமல் பேசினார். "சிறிலங்கா எண்டு சொல்ல வாய் வரேல்லை. இங்கிலாந்து எண்டு சொன்னா அவங்களே நம்பமாட்டாங்கள்."

"நீங்கள் சொன்னதைத்தானே நானும் சொன்னனான்," என்றார் அக்கா. "ஒரு நாளும் இல்லாம இண்டைக்குத்தான் உங்கடை சொல்லுக் கேட்டன்."

நிலானி போனில் யாருக்கோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தக் கானாப் பெண்ணின் படம். தோர்ண்டன் ஹீத் நிலைய வாசலில் இறங்கியதும் அண்ணை மெல்லக் கேட்டார்.

"அப்ப, பிள்ளை... செப்டம்பர்?"

அவள் தலை நிமிரவில்லை. "அடுத்த வருஷம் வாசலில ரெண்டு பேரும் வேற நாடு சொல்லுங்கோ. பிளீஸ்."

அண்ணை என்னைப் பார்த்தார். அக்கா மீதி வடையை எனக்குக் கட்டிக்கொடுத்தார்.

ரயில் வர ஆறு நிமிடம் இருந்தது. அண்ணை பிளாட்பாரம் வரை வந்தார். எங்கள் இந்தியா இப்படி ஒரே ஒரு பாட்டை அனுப்புவதென்றால் எந்த மொழியில் அனுப்பும் என்று கேட்டேன்.

"லொத்தர் மாதிரி சீட்டுக் குலுக்கிப் போடுங்கோ. எங்களுக்குப் பாஷை அப்பிடித்தானே வந்தது," என்றார். பிறகு, ரயில் கதவு மூடும்போது, "அதை விடும் தம்பி. நான் எந்த நாட்டைச் சொல்ல?"

கதவு மூடிவிட்டது. ஒரு வருடம் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து இலங்கை, இங்கிலாந்து, இந்தியா என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினேன். அண்ணை சிரித்தபடியே நான்காவது விரலையும் மடக்கி, "சுவிஸ்" என்று வாயசைத்தார்.