இன்குபேட்டருக்கு எழுதிய புரோகிராம்

நான் போய்ப் பார்த்தபோது இரண்டாம் இன்குபேட்டரின் தட்டுகள் தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே நாலாயிரம் முட்டை. மணிக்கு ஒருமுறை சாய வேண்டிய தட்டுகள் நிற்கவே இல்லை.

அது எண்பதுகளின் கடைசி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், போர்வெல் ரிக் வண்டி, மோட்டாருக்குக் காயில் சுற்றுவது என்று அலைந்துவிட்டு, நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஒதுங்கியிருந்தேன். நடுவில் ஒரு ரேடியோக் கடையில் பிராசசருக்கு அதன் சொந்தக் குறியீட்டிலேயே எழுதப் பழகியிருந்தேன். முதல் இன்குபேட்டரின் தட்டுகளைச் சாய்க்கும் புரோகிராமை அப்படித்தான் ஒவ்வொரு பைட்டாகக் கையால் எழுதினேன். இரண்டு மாதம் ஆனது.

முதலாளியின் தங்கை மகன் மோகன் இன்ஜினியர். இரண்டாவதற்கு சி மொழியில் எழுதி, அதைப் பிராசசரின் குறியீடாக மாற்றித் தரும் கம்பைலரிடம் கொடுத்து, இரண்டே நாளில் முடித்தான். எவன் பெட்டி நன்றாகப் பொரிக்கிறதோ அவனுக்குத்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

"மொதலாளி, ரெண்டாவது நிக்காம ஆடுதுங்க. கரு கலைஞ்சுருமுங்க."

"உன்றது மணிக்கணக்கா சும்மா நிக்குது. அது என்னமா ஒழைக்குது பாரு சாமி."

அந்தப் பெட்டிகளில் தனிக் கடிகாரம் கிடையாது. பிராசசர் வெறுமனே எண்களை எண்ணித்தான் ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். மோகனும் அதை எழுதியிருந்தான். ஆனால் கம்பைலர் ஆக்கிக் கொடுத்த குறியீட்டைப் படித்துப் பார்த்தேன். எண்ணும் இடமே அதில் இல்லை.

"ஏனுங்க தம்பி, எண்ணுற லூப் எங்கீங்க?"

"அதுல எந்தப் பலனும் இல்லீங்ளேண்ணா. வேகமா ஓடட்டும்னு கடைசியா ஆப்டிமைஸ் போட்டேன், வேண்டாததுன்னு கம்பைலரே தூக்கிருச்சு. நல்ல கம்பைலருங்க."

"முட்டைக்கு அது தெரியுமுங்களா?"

 நன்றாக உழைக்கிற பெட்டியைத் தொட முதலாளி விடவில்லை.

ஏழாம் நாள் முட்டைகளுக்குப் பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தோம். என் முட்டைகளில் சிவப்பு நரம்பு ஓடியது. அவனுடையதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. முதலாளி ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஒழைச்சே செத்துப்போச்சு," என்றார்.

இருவரையுமே அவர் வேலையைவிட்டு அனுப்பவில்லை. மற்றதையெல்லாம் மோகன் சி-யில் எழுதுவது, காத்திருக்கும் பகுதியை மட்டும் நான் கையால் எழுதிச் சேர்ப்பது என்று தீர்ப்பானது. வெளியாட்கள் வந்தால் என்னைக் காட்டுவார்: "சும்மா இருக்கறதுக்குன்னே ஒரு ஆளு வச்சிருக்கறனுங்க."

கம்பைலர் என்னைவிட வேகமாக எழுதும், பெரும்பாலும் நன்றாகவும் எழுதும். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அது எழுதிக் கொடுத்ததை ஒருமுறை படித்துவிட்டு முட்டையை வையுங்கள்.