திறக்கலாம் என்றது அவர் குரல்

ஊரே அவரை மைக்காரர் என்றுதான் கூப்பிடும். கட்சிக் கூட்டமோ தள்ளுபடி விற்பனையோ, எதற்கும் அவர் தொண்டைதான். கொள்ளைநோய் வந்ததும் நகராட்சி அவரை வளைத்துப் போட்டது. அங்கே எழுதிக் கொடுப்பதைக் காலையில் ஒருமுறை பேசிப் பதிவு செய்வார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நாள் முழுக்க அதையே அலறிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும்.

எழுதிக் கொடுத்தவர்களின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். பரிசோதனையைப் பாதியாக வெட்டினார்கள், நோயாளிகளும் பாதியானார்கள். உடனே தொற்று குறைந்தது என்று மார்தட்டி, "தளர்வுகளுடன் கூடிய முழு ஊரடங்கு" என்று ஒன்றை அறிவித்தார்கள். முழு ஊரடங்கில் தளர்வு எங்கிருந்து வந்ததென்று மைக்காரருக்கே விளங்கவில்லை. ஆனாலும் கணீரென்று படித்தார்: முடிவெட்டும் கடைகளைத் திறக்கலாம்.

அவர் தம்பிக்கு முடிவெட்டும் கடைதான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடு. போன வாரமும் இப்படிச் சொல்லிவிட்டு மாற்றினார்களே என்று போனில் இழுத்தான்.

"நானே மைக்ல சொல்றேன், அப்புறம் என்னடா பயம்? திற," என்றார் அண்ணன்.

மதியத்துக்குள் உத்தரவு மாறிவிட்டது. இப்போது தளர்வில்லா ஊரடங்கு. போலீசுக்குச் சொன்னவர்கள் மைக்காரரிடம் மூச்சு விடவில்லை. தம்பி கடையைப் பார்க்க மைக்காரரும் தொற்றிக்கொண்டு வந்த ஆட்டோ அவன் தெருவுக்குள் நுழைந்தபோது, போலீஸ்காரர்கள் அவன் தலைமுடியைப் பிடித்துக் கடை வாசலுக்கு இழுத்து வந்திருந்தார்கள். கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. தம்பி ஒலிபெருக்கியை நோக்கிக் கையை நீட்டினான்.

"கேளுங்க சார், எங்கண்ணன்தான் சொல்றாரு."

நீட்டிய கையை லத்தி ஒடித்தது. அடுத்த அடி மண்டையில். மைக்காரர் பாய்ந்துபோய் ஒருவன் கழுத்தை நெரித்தார்; தாடையில் விழுந்த அடியில் பல்லும் ரத்தமுமாகக் கவிழ்ந்தார். ஆட்டோ டிரைவர் பதற்றத்தில் பதிவு ஓடும் பெட்டியை அணைக்கவில்லை. கடைகளைத் திறக்கலாம், கடைகளைத் திறக்கலாம் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே தம்பி போய்விட்டான். நோயில் செத்த கணக்கில் அவனைச் சேர்க்க முடியாதாம். அடித்துக் கொன்ற கணக்கென்று ஒன்று யாரிடமும் இல்லை. பாவிகள், அவன் எந்தக் கணக்கிலும் சாகவில்லை.

தாடைக்குக் கம்பி கட்டியதால் மைக்காரர் வாய் திறக்க வழியில்லை. நகராட்சிக்கு அதனால் என்ன குறைச்சல்? பழைய பதிவுகளை வெட்டி ஒட்டி ஆட்டோவை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தம்பி வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே அது அந்தத் தெருவுக்கு வந்தது. நேற்று நம் நகரில் உயிரிழப்பு ஏதுமில்லை என்றது, கணீரென்று, அவர் குரலிலேயே.

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டிரைவர் குதித்துத் தப்பினான். ஒலிபெருக்கியை, பெட்டியை, ஆட்டோ கண்ணாடியை, கை கிழியக் கிழிய அடித்து நொறுக்கினார். சத்தம் அடங்கித் திரும்பியபோது தம்பி மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"உங்க குரலை நம்பித்தான் மாமா அவரு திறந்தாரு," என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். கம்பி கட்டிய வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது.