தார்ப்பாயையும் சேர்த்த கணக்கு

காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் போயிருந்த படகின் இன்ஜின் நின்றது. அப்போது நான் கடையில் ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். கைபேசியில் காற்றின் இரைச்சலுக்கு நடுவே, "அப்பா, இன்ஜின் நின்னுட்டு. நங்கூரக் கயிறு தரைக்கு எட்டல. பயப்படாதீங்க, கடை மாடில கணினியோட இருக்காள்ல, அவளுக்கு நிக்கிற இடத்தை அனுப்பிருக்கேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவள் பெயர் திரையில் வந்தால் எடுப்பதற்கு முன் என் கை ஒரு நொடி நிற்கும்.

என் மகள் கடலைக் கணக்குப் போடுகிறவள். உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் கணிதத்தில் பட்டம் வாங்கியவன்தான். ஆனாலும் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சி எனக்குப் பாதிதான் பிடிபடும். கடலில் விழுந்த ஒரு பொருளை நீரோட்டமும் காற்றும் அலையும் எங்கே கொண்டுபோகும் என்று சமன்பாடுகள் எழுதி, கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு மாடல் என்று பெயர். "அப்படி என்னதான் கண்டுபிடிக்கா?" என்று கல்யாணப் பந்தியில் என் மைத்துனர் கேட்பார். மிதக்கிறது எங்கே போகும் என்று கண்டுபிடிக்கிறாள் என்பேன். "மிதக்குறது மிதந்துக்கிட்டுத்தான கெடக்கும், அதுக்கு ஒரு படிப்பா?" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

மாடல் சொல்வது சரியா என்று நிஜக் கடலில் பார்ப்பதற்காகத்தான் அந்தத் தை மாதம் ஊருக்கு வந்திருந்தாள். தெரிந்த படகுக்காரர் ஒருவரோடு திருச்செந்தூர் பக்கம் போய், கருவி பொருத்திய மிதவைகளை வழிநெடுக இறக்கிவிட வேண்டும். அவளோடு ஆராய்ச்சி செய்யும் தோழியும் வந்திருந்தாள். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். படகில் ஏறினால் குமட்டும் என்பதால் கணினியோடு எங்கள் கடை மாடியில் இருந்துகொண்டாள்.

விடியற்காலை படகு கிளம்பும்போது நான் கடையிலிருந்து ஒரு ஆரஞ்சுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். வெயிலுக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று. வாசலிலேயே என் மனைவி கேலி செய்தாள்: "ஏன், கடல்ல பந்தல் போட்டுக் கல்யாணமா நடக்கப் போவுது?" மகள் எனக்காக வாங்கிப் பலகைக்கு அடியில் திணித்துக்கொண்டாள். படகில் நட்ட கம்புகள் இருந்தன, கட்டுவதென்றால் கட்டலாம்.

இன்ஜின் நின்ற செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் மீனவர் சங்கத் தலைவர் கடைக்கு வந்துவிட்டார். கடலோரக் காவலுக்குச் சொல்லியாகிவிட்டது, நம் படகுகளும் போகத் தயார், எங்கே போக என்பதுதான் கேள்வி என்றார். மகள் அனுப்பிய இடத்தை வைத்துத் தோழி அதற்குள் கணக்கை ஓட்டியிருந்தாள். திரையைப் பார்த்தேன். கடல் வரைபடத்தின் மேல் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகள்.

"என்னம்மா, கொசு மொய்ச்ச மாரி இருக்கு?" என்றார் தலைவர்.

ஒரு இடத்தைச் சொல் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒரு இடத்தைச் சொன்னா அது பொய் அங்கிள். அங்கன காத்து எவ்வளவுன்னு சரியா தெரியாது. கூட்டியும் கொறச்சும் வச்சு ஓட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் படகு போய்ச் சேர்ற இடம்தான் ஒவ்வொரு புள்ளி."

இன்னொரு சிக்கலையும் சொன்னாள். அவர்கள் மாடல் எழுதியது மிதவைக்கு. மிதவை தண்ணீரில் முங்கிக் கிடக்கும். அதை நீரோட்டம்தான் இழுக்கும். படகின் உடல் வெளியே நிற்பது. காற்றும் சேர்ந்து தள்ளும். எவ்வளவு வெளியே தெரியும் என்று தலைவரிடம் கேட்டு அதைக் கணக்கில் சேர்த்தாள். புள்ளிகள் கொஞ்சம் தெற்கே நகர்ந்தன.

அப்போதுதான் எனக்குத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

தலைவர் தலையில் கைவைத்தார். "அண்ணாச்சி, காத்தைப் பிடிக்க நீங்களே பாய் கட்டி விட்டிருக்கீயளே."

தோழி அளவு கேட்டாள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மறுபடியும் ஓட்டியபோது புதிய கூட்டம் ஒன்று முந்தையதை விட்டு விலகி, இன்னும் தெற்கே பெரியதாழைக் கரைக்கு நேரே போய் நின்றது. இப்போது திரையில் இரண்டு கூட்டங்கள்: தார்ப்பாய் கட்டியிருந்தால் ஒன்று, கட்டாமல் இருந்தால் ஒன்று. கைவசம் இருந்த படகுகளைப் பிரித்து அனுப்பினால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும், பொழுது சாய்வதற்குள் தேடி முடியாது என்றார் தலைவர். ஒன்றைத்தான் முதலில் பார்க்க முடியும்.

"கட்டிருப்பாளா அங்கிள்?" என்று தோழி கேட்டாள். அதைச் சொல்லும் சமன்பாடு அவளிடம் இல்லை.

குடை கொடுத்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற பெண். தலைக்குத் துணி கட்டச் சொன்னால் முகம் சுளிப்பாள். கட்டியிருக்க மாட்டாள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பிறகு போன விடுமுறை நினைவுக்கு வந்தது. பேருந்து நிலையத்தில் சுள்ளென்ற வெயிலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தூணின் ஒல்லி நிழலில் அவளுடைய கணினிப் பை இருந்தது. படகிலும் கருவிப் பெட்டி இருக்கிறது. அது சூடேறக் கூடாது.

"கட்டிருப்பா" என்றேன். "அவளுக்காக இல்ல, பெட்டிக்காக."

சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

தலைவர் பெரியதாழைக்குப் போன் போட்டார். அங்கிருந்து படகுகள் கிளம்பின. நானும் தோழியும் காரில் போனோம். மடியில் கணினியை வைத்துக்கொண்டு, புதிய காற்று விவரம் வரவர அவள் ஓட்டிக்கொண்டே வந்தாள். சாகுபுரத்தைத் தாண்டும்போது மனைவி அழைத்தாள். குழம்பு ஆறுகிறது, எப்போது வருவீர்கள் என்றாள். நேரமாகும் என்று மட்டும் சொன்னேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ற நினைப்பு அந்தச் சாலை முழுக்கக் கூடவே வந்தது. தோழி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பெரியதாழைக் கரையில் யாரோ எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். டீ ஆறி ஆடை படிந்தது. வெயில் மஞ்சளாக மாறும் நேரத்தில் தோழி என் தோளைத் தொட்டாள். கடலில் முதலில் தெரிந்தது படகு அல்ல. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று.

இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மகள் முழங்கால் தண்ணீரில் குதித்து நடந்து வந்தாள். மூக்கு மட்டும் கறுத்திருந்தது. முதலில் தோழியிடம்தான் போனாள். "ஏளா, நாங்க எந்தப் புள்ளி?" தோழி திரையில் காட்டினாள். கூட்டத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில். "ஓரமா?" என்று மகள் உதட்டைப் பிதுக்கினாள். இருவரும் அங்கேயே மணலில் உட்கார்ந்து, ஏன் ஓரம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் வந்த படகுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மதியம் முழுக்க இதே பேச்சுதான் என்றார்.

பிறகுதான் அவள் எழுந்து என்னிடம் வந்தாள். உப்பு படிந்த கையால் என் கையைப் பிடித்தாள்.

"காத்து தள்ளுது, தார்ப்பாயை அவுத்திருவோம்னு படகுக்கார அண்ணன் சொன்னாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். தார்ப்பாய் இருக்குன்னு நீங்க அவகிட்ட சொல்லிருப்பீங்கன்னு தெரியும்ப்பா."