மிக்கேலுக்குச் சொல்லாத வழி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் சூரமங்கலத்தில் காருக்கு உள்பக்கம் பெயிண்ட் என்றால் ஐம்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து இந்த லாசர்தான். அந்த நல்ல பெயரை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. என் முதலாளி மிக்கேலிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

மிக்கேல் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்தான். ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் நிறைந்திருந்தபோது, "செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவனெல்லாம் காரைத் தொட வந்துட்டான்" என்று என்னைப் பட்டறைக்கு வெளியே தள்ளினார். தெருவின் எதிர்ச்சாரியிலேயே கொட்டகை போட்டேன். அவர் பட்டறை பூட்டுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் ஜெபம்.

வெண்ணந்தூர் நூல் வியாபாரி குழந்தைவேல் தன் காரின் தகர டாஷ்போர்டைக் கழற்றி மிக்கேலிடம் கொடுத்தார். பெயிண்ட் காய்வதற்குள் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்தது. தேய்த்து மறுபடி அடித்தார், மறுபடியும் குழி. குழந்தைவேல் வெறுத்துப்போய் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

மோந்து பார்த்தேன். "ஊட்டுல இதுக்கு எண்ண தடவறாங்களாங்க?"

"ஆமாங்க. வெள்ளிக்கிழமையானா எங்க ஊட்டுக்காரி தெய்வநாயகி தேங்காயெண்ண போட்டுத் தொடச்சுப் பொட்டு வெப்பா. எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க."

எண்ணெய் ஏறிய தகரத்தில் பெயிண்ட் நிற்காது, விலகி ஓடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெய் இன்னும் பரவும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவினேன். துணி மாற்றி மாற்றிப் பெட்ரோலால் துடைத்தேன். பிறகுதான் உப்புத்தாள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்ததாக, மெல்லிசாக ஸ்பிரே அடித்தேன். குழந்தைவேல் அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார். அதை மாட்டியதும், வண்டியை மிக்கேல் வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னேன். காட்டினார்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் பூசும் வீட்டுக் கார்களெல்லாம் மிக்கேலிடம் குழி விழுந்து என்னிடம் வந்தன. அவர் மனைவி மரியபுஷ்பம் பங்குச் சாமியாரிடம் போய் அழுதார். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"லாசரு, அவரை மன்னிச்சுரு."

"மன்னிச்சுட்டேனுங்க சாமி."

"அப்ப, குழி எதனால உழுகுதுன்னு அவருக்குச் சொல்லிரு."

"மன்னிக்கத்தானுங்க சாமி சொன்னீங்க."

தவக்கால நோன்பு முடியுமுன் மிக்கேல் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.