சேற்றில் உட்கார்ந்த கேப்டன்

ஹாயோ ஐலர்ஸிடம் கப்பல் இருந்தது; சொல்லிக்கொள்ளும்படி கடல்தான் இல்லை. எம்டன் துறைமுகத்துக்கும் எதிரே கிடக்கும் தீவுகளுக்கும் நடுவே கரையோரமாக நிலக்கரி, செங்கல், உருளைக்கிழங்கு சுமப்பதுதான் ‘ஃபிரவுகே’ என்ற அந்தச் சின்ன நீராவிக் கப்பலின் பிழைப்பு. பக்கத்தில் நின்று இருமினால் புகைபோக்கியிலிருந்து துரு உதிரும். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டும் இந்த உத்தியோகத்துக்கு ஐலர்ஸ் சரிகைத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் கோட்டும் மாட்டிக்கொள்வார். மதுக்கடையில் உட்கார்ந்தால், தென் அமெரிக்க முனையில் தான் புயலை அடக்கிய கதைதான். அந்தப் பக்கம் அவர் போனது, ஒரு பாய்மரக் கப்பலின் அடுக்களையில் கிழங்கு உரிக்க.

அந்த ஜூன் மாதம் முதலாளி டீர்க்ஸ் நோர்டர்னி தீவில் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அதற்குச் செங்கல் ஏற்றிக்கொண்டு ஃபிரவுகே வந்தது. கடலில் குளிக்க வந்த சீமாட்டிகள் குடை பிடித்துக் கரையில் உலாத்துவதைப் பார்த்தார் ஐலர்ஸ். கிட்டே போய் ஒரு சல்யூட் அடித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. சுக்கானைத் திருப்பினார்.

உலையில் கரி தள்ளும் ஓன்னோ தலையை நீட்டினான். “கேப்டன், வழி அடையாளத்துக்கு நட்டிருக்கிற மரக்கிளைய விட்டு விலகிப் போறோம். தண்ணி வேற வத்துது.”

“கரி அள்ற வேலையப் பாருடா. கடல் எனக்குத் தெரியும்.”

அவர் கையைத் தொப்பிக்கு உயர்த்தினார். கப்பல் ‘சொத்’தென்று சேற்றில் உட்கார்ந்தது.

அந்தக் கடல் தினமும் வற்றி ஏறும்; கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்க வடிந்து, ஃபிரவுகே குடிகாரனைப் போல ஒருக்களித்துக் கிடந்தது. தீவே திரண்டு சேற்றில் நடந்து வந்தது. புகைபோட்ட விலாங்கு மீன் விற்பவன் கூடையோடு வந்தான். சீமாட்டிகளும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஐலர்ஸ் கம்பியைத் தொற்றிக்கொண்டு, சாய்ந்தபடியே அவர்களுக்குச் சல்யூட் அடித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தீவிலேயே குடியிருந்த அவர் மனைவி கேஷே வந்தாள், தேநீர்த் தூக்கோடு. “புயலையே அடக்கின மனுஷனாச்சே நீங்க! இந்தச் சேறு மட்டும் சொல்பேச்சு கேக்கலையாக்கும்?”

சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி டீர்க்ஸ் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். “என்னய்யா கூத்து இது?”

ஐலர்ஸ் தொப்பியை நிமிர்த்திக்கொண்டார். வாய்க்கு என்றைக்குத்தான் பஞ்சம்? “நானாத்தான் நிறுத்தினேன் முதலாளி. அடியில சிப்பி அப்பிக் கெடக்கு. இப்பிடியே சுரண்டிடலாம். பட்டறைக்கு விட்டா தண்டச் செலவு.”

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாத டீர்க்ஸ் கப்பலைச் சுற்றி வந்து, ஒரு சிப்பியைப் பிய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“சபாஷ்! எனக்கு இத்தனை வருஷமா இது தோணலையே! ம், சுரண்டு.”

“ஆளுங்ககிட்ட சொல்றேன், முதலாளி...”

“ஆளுங்க செங்கல் இறக்கட்டும். யோசனை உன்னோடது, நீயே செய்.”

ஓன்னோ சுரண்டியை இரண்டு கையாலும் ஏந்தி, மிகுந்த மரியாதையோடு நீட்டினான். ஐலர்ஸ் கோட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். மறுபடி தண்ணீர் ஏறிக் கப்பல் மிதக்கும்வரை சுரண்டினார்.

அத்தோடு விட்டதா? விடுதி எழும்பியதும் டீர்க்ஸ் வருஷா வருஷம் ஜூன் மாதம் கப்பலை அதே இடத்தில் உட்கார வைத்தார். காலை உணவு முடிந்ததும் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுவார். “நம்ம கேப்டனோட சொந்த யோசனை!” ஐலர்ஸ் சிப்பியோடு போராடுவார். மூட்டு தேய்ந்தது, சிப்பி தேயவில்லை.

ஒரு வருஷம் வலி தாளாமல், விருந்தாளிகள் முன்னாலேயே உண்மையைக் கக்கினார். “முதலாளி, அன்னிக்கி நான் வழி தப்பித்தான் சேத்துல ஏறினேன்.”

டீர்க்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தீங்களா, என்ன தன்னடக்கம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஐலர்ஸ் மறுபடி குனிந்தார்.

கடைசியில் ஃபிரவுகேயைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். அதை இழுத்துப்போனபோது ஓன்னோ அழுதான். ஐலர்ஸ் அழவில்லை. மறுநாள் வெயில் ஏறும்வரை நிம்மதியாகத் தூங்கினார்.